பட்டை கட்டிய பட்டினி

நின்றுகொண்டு கேட்காதே எம்மா. உட்கார். வேன் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று நீதானே சொன்னாய்.

என்ன தாள் இது? கருத்துப் படிவமா? என் கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது. நீ வாசி, நான் சொல்கிறேன், எழுதிக்கொள். சுருக்கமாகத்தான் சொல்வேன். எனக்கு வளவளவென்று பேசிப் பழக்கமில்லை.

அறை எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. அடுத்தது.

நீச்சல் குளம்? தண்ணீர் இருந்தது. அடுத்தது.

சாப்பாடு?

இதற்குத்தான் என்ன எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. வந்த முதல் நாலு வேளை உங்கள் சாப்பாட்டில் ஒரு பருக்கை நான் தொடவில்லை. எழுது. இல்லை, எழுதாதே. உன் முகம் ஏன் இப்படிப் போகிறது? சமையலில் குறை ஒன்றும் இல்லை. அறுபது வகை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். இந்த நீலப் பட்டை கையில் இருந்தால் போதும், எத்தனை தடவை போனாலும் கேள்வி கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நான் பட்டினி கிடந்தேன். நான் மட்டும் இல்லை. அங்கே பார், சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே, புன்னை மரத்தடியில், வெள்ளை வேட்டி, மூங்கில் நாற்காலி. அவரும் கிடந்தார். என் சம்பந்தி. என் மகள் கோமதியின் மாமனார்.

பெயர் குற்றாலிங்கம். கடையநல்லூர்க்காரர். சர்வேயராக இருந்தவர். ஊரில் பாதி வரப்பு அவர் அளந்து கல் போட்டது. மனுசனுக்கு எதையும் அளந்துதான் பார்க்க வரும். காப்பியைக்கூட டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

நான் பால்வண்ணம். சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருசம் நேரக்காப்பாளர். மைக்கைப் பிடித்து ஊர் பெயரைச் சொல்வேன். விசில் அடிப்பேன். வண்டி போய்விடும். வராதவனுக்காக நின்ற வண்டி என் காலத்தில் கிடையாது. உன் மேசையில் இருக்கிறதே, இதைவிட மூன்று மடங்கு பெரிய மைக். காலையில் வேன் கிளம்புகிறது என்று நீ அறிவித்ததைக் கேட்டேன். வாயில் ஒட்டிப் பிடிக்கிறாய். நாலு விரல் தள்ளிப் பிடி, இரைச்சல் வராது.

என்ன சொல்ல வந்தேன். சாப்பாடு.

ஆறு வருசத்துக்கு முன்னால் கோமதிக்குக் கல்யாணம். எங்கள் ஊர் மண்டபத்தில். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தி போடும்போது பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையைப் பெற்றவரிடம் நேரில் போய், கை கூப்பி, சம்பந்தி சாப்பிட வாங்க என்று சொல்லி அழைத்துவர வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்ற இலை. நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு எத்தனை வேலை? ஐயருக்குத் தேங்காய் காணோம், பந்தலில் மின்விசிறி ஓடவில்லை, சமையல்காரன் சாம்பார் ஆறுகிறது என்று கத்துகிறான். மேடையில் மைக் இருந்தது. எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் முதல் பந்திக்கு வரவும் என்று அறிவித்தேன். மூன்று தடவை. பஸ்ஸுக்குக்கூட இரண்டு தடவைதான்.

எல்லாரும் வந்தார்கள். அவர் வரவில்லை.

அடுத்த பந்தியில் சாப்பிடுவார் என்று நினைத்தேன். அதிலும் உட்காரவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஆள் இல்லை. புளியங்குடி பஸ் நிலையத்தில் இறங்கி இரண்டு வாழைப்பழம் தின்றாராம். மகன் கல்யாணத்தன்றைக்கு. அதைப் பார்த்தவன் நாலு பேரிடம் சொல்ல, தென்காசி வரைக்கும் பரவிவிட்டது. முறையாக அழைக்காத வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று அவர் சொன்னதும் சேர்ந்து பரவியது.

அன்றிலிருந்து என் வீட்டுக்கு வருவார். வராமல் இருந்ததில்லை. வளைகாப்புக்கு வந்தார், பேத்திக்குப் பெயர் வைக்க வந்தார். வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். மஞ்சள் பைக்குள்ளிருந்து சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடிப்பார். என் வீட்டு வாசலில் நல்ல தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அவர் பாட்டிலில் குடிப்பார்.

நான் விடுவேனா? அவர் வீட்டுக்குப் போகும்போது நானும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன். அவருடையதைவிடப் பெரியது.

இதையெல்லாம் பெரிதுபடுத்துகிறவன் நான் இல்லை. என்னைப் பொறுத்தவரை அது அன்றைக்கே முடிந்த விசயம். ஆறு வருசம், எட்டு மாதம், பதினோரு நாள் ஆகிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்டது பேத்தி. மகிழினி. நேற்று உன் மேசை மணியை அடித்துக்கொண்டே இருந்தாளே, அவள்தான். அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒரு வயதில் தள்ளிப்போனது. மூன்றில் நாள் குறித்தோம். அவர்களுடைய சாஸ்தா கோவிலில் வைத்துக் குத்துவது, என் மகன் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்வது. எல்லாம் சரி. பந்திக்கு யார் யாரை அழைப்பது? அவர் குலதெய்வக் கோவில், அவர்தான் அழைக்க வேண்டும் என்றேன். தாய்மாமன் சீரோடு வருகிற விசேசம், நான்தான் அழைக்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். கூப்பிட்ட ஆசாரி எத்தனை நாள் காத்திருப்பான்? வேறு கிராக்கிக்குப் போய்விட்டான். இப்போது அவளுக்கு அஞ்சு. ஆவணியோடு அதுவும் முடிகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் ஜிமிக்கி போட்டு வருகிறதாம். இவள் ஸ்டிக்கர் வாங்கிக் காதில் ஒட்டிக்கொண்டு போகிறாள். நீலக் கல் ஸ்டிக்கர்.

போன மாதம் கோமதி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். பள்ளிக்கூட லீவில் எல்லாரும் சேர்ந்து கடற்கரையில் ஒரு இடத்துக்குப் போகிறோம், மூன்று நாள், அங்கேயே சாப்பாடு எல்லாம், உங்களையும் அம்மாவையும் மாமா கூப்பிடுறாங்கப்பா என்றாள்.

மாமாவா?

மாமாதான் என்றாள்.

போனை வைத்துவிட்டு வடிவிடம் சொன்னேன். வடிவு என் மனைவி. பார்த்தாயா, இறங்கி வந்துவிட்டார், ஆறு வருசம் கழித்துப் புத்தி வந்திருக்கிறது, போய் மரியாதையாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்றேன். அவள் முறுக்குக்கு மாவு இடிக்கப் போய்விட்டாள்.

ஆக, நான் இங்கே வந்தது விருந்தாளியாக. அதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அழைத்தவர் அவர். சாப்பிட வாங்க என்று சொல்ல வேண்டியவரும் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினோம். நீதான் பட்டை கட்டினாய். ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி இருந்தது, சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம். கூடத்து வாசலில், உன் மேசைக்குப் பக்கத்தில், இந்தப் பெஞ்சு கிடக்கிறதே, அதில் போய் உட்கார்ந்தேன். அவர் வந்தார். என்னைப் பார்த்தார். வருகிறார் என்று நான் எழுந்திருக்கக்கூடத் தயாரானேன். அவர் என் பெஞ்சுப் பக்கமிருந்து திரும்பி நடக்க ஆரம்பித்தார். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு, எட்டு எட்டாக வைத்து, அந்தப் புன்னை மரம் வரைக்கும் போனார். அங்கே கிடந்த நாற்காலியை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தபடி.

சரி, பயணக் களைப்பு, காற்று வாங்குகிறார் என்று இருந்தேன்.

வடிவும் சம்பந்தியம்மாளும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டு பேரும் ஆறு வருசமாகத் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். உள்ளே கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டும் அறுபது வகைக்கும் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஐஸ்கிரீமில் தொடங்கினார்கள். கடைசியில்தான் சோறு. வெளியே வந்து வடிவு கேட்டாள், நீங்க வரலையா என்று. கூப்பிட வேண்டியவர் கூப்பிடட்டும் என்றேன். பசிச்சா வாங்க என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கப் போய்விட்டாள்.

உங்கள் கூடத்துப் பொறுப்பாளர் வந்து மூன்று தடவை கூப்பிட்டார். நல்ல மனுசன். ஆனால் அவர் கூப்பிடுவது உத்தியோகம். அது கணக்கில் வராது. பாவம், அவர் எனக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் நடந்து நடந்து களைத்துப்போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே பெஞ்சு, அதே மரம். கோமதி கேட்டாள், சாப்பிட்டாச்சாப்பா? ஆச்சு என்றேன். அறையில் ஒரு தட்டில் பழம் வைத்திருந்தீர்கள். அதைத் தின்றேன். அறைக்குள் இருக்கிற பழம் பந்தி ஆகாது. அதை நன்றாக யோசித்துவிட்டுத்தான் தொட்டேன்.

சனிக்கிழமை காலை இட்லி வாசனை பெஞ்சு வரைக்கும் வந்தது. பொங்கலில் நெய் தாராளமாக விடுகிறீர்கள், அதுவும் தெரிந்தது. அவர் மரத்தடியில் மடித்த நாளிதழை வைத்துக்கொண்டு அதே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார். அழைத்துக் கூட்டிவந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை பார் என்று எனக்குக் கொதித்தது. இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா எம்மா? ஒரு சின்ன வார்த்தை. அதைச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? எனக்குப் பிடிவாதக்காரர்களைக் கண்டாலே ஆகாது.

அன்றைக்குப் பதினொரு மணிக்குக் குளத்தில் ஒரே அழுகை. மகிழினி தண்ணீரில் விளையாடியதில் காது ஸ்டிக்கர் இரண்டும் உதிர்ந்துவிட்டது. ஜிமிக்கி போச்சு, ஜிமிக்கி போச்சு என்று குளமே அதிர்கிறது. சின்னப்பிள்ளைக் குளம், முழங்கால் தண்ணீர்தான். நான் போய்ச் சேருவதற்குள் அவர் இறங்கிவிட்டார். வேட்டியோடு. உங்கள் ஆள் விசில் அடித்தார், வேட்டியோடு இறங்கக்கூடாதாம். நான் மறுகோடியில் இறங்கினேன். நானும் வேட்டியோடுதான். இரண்டாவது விசில். விசில் சத்தத்துக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தவன் நான். அன்றைக்குக் காதில் விழவில்லை.

அவர் குளத்தை நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டு வரிசையாகத் தேடினார். சர்வேயர் இல்லையா. நான் சும்மா காலால் துழாவினேன். அவருக்கு ஒன்று கிடைத்தது. எனக்கு ஒன்று கிடைத்தது. பிள்ளை இரண்டையும் வாங்கி ஒட்டிப் பார்த்தாள். பசை போய்விட்டது, நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக நாங்கள் இரண்டு பேரும் அவள் காதில் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஈர வேட்டியோடு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கோமதி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். அவள் குரலை உயர்த்துகிற பெண் இல்லை. என் மகள், ஆனால் அவள் அம்மா மாதிரி மெதுவாகத்தான் பேசுவாள்.

"நாளைக்கு ஊருக்குப் போறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கணும். இல்லன்னா கோயம்புத்தூர்ல கடையிலயே துப்பாக்கி வச்சுக் குத்திருவேன். கோவிலும் கிடையாது, மாமன் மடியும் கிடையாது. உங்க ரெண்டு பேருக்கும் போட்டோ வரும், பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

துப்பாக்கி என்றால் நிஜத் துப்பாக்கி இல்லையாம். காது குத்துகிற ஒரு கருவி. இருந்தாலும் சொல்லைப் பார். என் பேத்திக்கு, என் மகன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளைக்கு, ஏதோ ஒரு கடையில் செல்போன் உறை விற்கிற பக்கத்தில் வைத்துக் குத்துவதா? மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது கூப்பிடுவார் என்று பார்த்தேன். மகள் இத்தனை சொன்ன பிறகும் அவர் அந்த மரத்தை விட்டு அசையவில்லை. நீயே சொல், கல்நெஞ்சு இல்லையா?

நாலு வேளை ஆகிவிட்டது. எனக்கு இரத்தக்கொதிப்பு மாத்திரை வேறு. வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றும். சாயங்காலம் நாலு மணிக்கு மெதுவாக உங்கள் கேட்டைத் தாண்டி வெளியே போனேன். செம்மண் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓலைக்கூரைக் கடை. ஒரு அம்மா ரசவடை போடுகிறார், கருப்பட்டிக் காப்பி போடுகிறார். வாசனை ரோட்டுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தது.

உள்ளே நுழைந்தால் அவர்.

நின்றுகொண்டே தின்கிறார். அவசரம் அவசரமாக. வாழையிலைத் துண்டில் இரண்டு ரசவடை, ஒன்று கையில், பாதி வாயில். கையில் நீலப் பட்டை. என்னைப் பார்த்ததும் கையை வேட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார். வேட்டியெல்லாம் ரசம்.

கடைக்கார அம்மா என் கையைப் பார்த்தார். அவர் கையைப் பார்த்தார். "உள்ள அறுபது வகையாம்லா. ரெண்டு பேரும் பட்டையைக் கட்டிக்கிட்டு என் வடைக்கு வந்திருக்கிய. இந்த அண்ணாச்சி நேத்துல இருந்து இது நாலாவது தடவை."

நேற்றிலிருந்து. கேட்டுக்கொள். நான் நாலு வேளை தாக்குப்பிடித்தேன். அவர் முதல் வேளையிலேயே விழுந்துவிட்டார். அதை எங்காவது எழுதிக்கொள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனுசன் நின்றுகொண்டு, மறைத்துக்கொண்டு, திருடன் மாதிரித் தின்றால் உடம்பில் ஒட்டுமா? எழுபத்திரண்டு வயது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன்.

"உக்காருங்க சம்பந்தி. உக்காந்து நல்லாச் சாப்பிடுங்க. இப்படி நின்னுக்கிட்டு விழுங்குனா வயித்துல ஒட்டாது."

அதட்டித்தான் சொன்னேன். ஆறு வருசத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. நல்ல அதட்டல்.

அவர் அப்படியே நின்றார். கையை முன்னால் கொண்டுவந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். பிறகு ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, இலையிலிருந்து ஒரு வடையைத் தள்ளி வைத்து, "நீங்களும் உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார்.

இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். அவர் வாயால் வந்தது. முதலில் கூப்பிட்டது அவர். நான் இதை வடிவிடம் சொன்னேன், கோமதியிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன். எல்லாரும் ஏனோ சிரிக்கிறீர்கள். வடையைத் தின்றேன். நல்ல வடை. மிளகு தூக்கல்.

பிறகு அவர் ஆரம்பித்தார். கூட்டிக்கிட்டு வந்து பட்டினி போடுற வழக்கம் உங்க ஊர்ல மட்டும்தான் உண்டு என்றார்.

யார் யாரைக் கூட்டிவந்தது என்றேன். நீங்கள்தானே எங்களைக் கூப்பிட்டீர்கள், கோமதி சொன்னாளே என்றேன்.

அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார். நானா? கோமதி அப்பா கூப்பிடுறார், அவசியம் வரணும்னு சொல்றார்னு சைலன்லா என்கிட்ட சொன்னான் என்றார். சைலன் அவர் மகன், என் மாப்பிள்ளை.

கடைக்கார அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுத் திண்டில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் ஒரு ஈடு வடை கருகிவிட்டது.

ஆக அவரும் விருந்தாளி, நானும் விருந்தாளி. விருந்து போடுகிறவன் இல்லை. நான் அவர் கூப்பிடுவார் என்று பெஞ்சில், அவர் நான் கூப்பிடுவேன் என்று மரத்தடியில். கோமதி பொய் சொல்கிற பெண் இல்லை. எங்கேயோ குழம்பியிருக்கிறாள். மாப்பிள்ளையும் அதே நாளில் அதே மாதிரிக் குழம்பியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை அதிகம், கவனம் நிற்பதில்லை.

அடுத்த காப்பி வந்தது. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"நாப்பது அடி."

என்ன நாற்பது அடி என்றேன்.

"உங்க பெஞ்சுக்கும் அந்தப் புன்னை மரத்துக்கும். எட்டு வச்சுப் பாத்துத்தான் நாற்காலியப் போட்டேன். அன்னைக்கு மண்டபத்துல நீங்க மைக் பிடிச்ச இடத்துக்கும் நான் நின்ன தூணுக்கும் அதே நாப்பது அடிதான். பதினாறு எட்டு. விடியக்காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. உங்களையே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க என்னைப் பாத்துக்கிட்டேதான் மைக்ல சொன்னீங்க."

நான் மைக் நல்ல மைக் என்றேன். சிவகாசியிலிருந்து வாடகைக்கு எடுத்தது, மூலை முடுக்கெல்லாம் கேட்டிருக்கும் என்றேன்.

கேட்டுச்சு என்றார்.

காப்பி ஆறிப்போய்விட்டது. எனக்கு ஆறின காப்பி பிடிக்காது, ஆனாலும் குடித்தேன்.

அந்த மனுசனைப் பார். ஆறு வருசத்துக்கு முந்தைய தூரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இங்கே வந்து அதே அளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். இந்தத் தடவையாவது நடந்து வருகிறேனா என்று. இப்படியும் ஒருவர் அளப்பாரா? எனக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி ஏழரை மணி. கூடம் திறந்தாயிற்று. நான் பெஞ்சுக்குப் போனேன். அவர் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வடை தின்றாயிற்று, பேசியாயிற்று, ஆனாலும் போய் அங்கேதான் உட்காருகிறார். குடும்பமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று பார்க்கிறது. பேத்தியைத் தூக்கி மேசைமேல் நிறுத்தியிருக்கிறார்கள், அவளுக்கும் தெரிய வேண்டுமாம்.

எழுந்தேன். நடந்தேன். பதினாறு எட்டு என்று அவர் சொன்னாரே, தப்பு. பதினேழு. எண்ணிக்கொண்டே போனேன். அவர் காலை வைத்து எண்ணியிருக்கிறார், என் எட்டு சின்னது. போய் முன்னால் நின்று கையைக் கூப்பினேன். சாப்பிட வாங்க சம்பந்தி என்றேன். அவ்வளவுதான். அதற்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

அவர் எழுந்து மேல்துண்டைச் சரிசெய்தார். "பதினேழு எட்டு எடுத்தீங்க" என்றார். அவரும் எண்ணியிருக்கிறார்.

இரண்டு பேரும் சேர்ந்து போனோம். ஆனால் உள்ளே ஒரு சங்கடம். தட்டை நாமே எடுத்து நாமே போட்டுக்கொள்வதாமே. அழைத்து வந்தவரைத் தட்டோடு வரிசையில் நிறுத்துவதா? அவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் போய் எடுத்து வந்து பரிமாறினேன். அறுபது வகைக்கும் போய் வந்தேன். அவர் போதும் போதும் என்றார், நான் கேட்கவில்லை. உங்கள் பொறுப்பாளர் வந்து சார் நாங்க கொண்டுவரோம் என்றார். நீ பேசாமல் இரு என்று சொன்னேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதிக்கொள்.

ஆனி மாதம் மூன்றாம் வாரத்தில் நாள் பார்த்திருக்கிறது. சாஸ்தா கோவிலில். பந்தியில் அவர் பக்கத்து ஆட்களை நான் அழைப்பது, என் பக்கத்து ஆட்களை அவர் அழைப்பது. இரண்டு பேரும் ஓலைக்கடையிலேயே முடிவு செய்துவிட்டோம். ஆசாரிக்கும் சொல்லியாயிற்று. மைக் வேண்டாம் என்று அவர் ஒரு நிபந்தனை வைத்தார். சரி என்றேன். பாட்டுக்காவது ஒன்று இருக்கட்டும் என்று பார்க்கிறேன், பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இது எழுதாதே. நேற்று ராத்திரி அவர் அறைக்குப் போயிருந்தேன். அலமாரியில் ஒரு டின். என் வீட்டு டின், பக்கவாட்டில் நசுங்கியிருக்கும், எனக்குத் தெரியாதா? பாதி முறுக்கு காலி. மருமக கொடுத்துவிட்டது, வருசா வருசம் தருவா, நல்லாருக்கும், எடுத்துக்கிடுங்க என்று என்னிடமே நீட்டுகிறார். வடிவின் முறுக்கு. ஆறு வருசமாக என் வீட்டு அடுப்பில் சுட்டதைத் தின்றுகொண்டுதான் என் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இன்னும் ஆறு வருசம்.

எத்தனை நட்சத்திரமா? அஞ்சுக்கா? இரு, அவரைக் கேட்டுச் சொல்கிறேன். அவர் அளந்து சொல்வார். ஒரே ஒரு குறை எழுதிக்கொள். கூடத்து வாசல் பெஞ்சை யாரும் இடம் மாற்றக்கூடாது.

மணி என்ன? பன்னிரண்டரையா? கூடம் திறந்துவிட்டார்களா? அதுதான் பார்க்கிறேன், அவர் நாளிதழை மடித்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டாயிற்று. என்னைத்தான் பார்க்கிறார். காலையிலும் இப்படித்தான். கூப்பிடாமல் எழுந்திருக்கமாட்டார். வேளைக்கு வேளை நான் போய்க் கூப்பிட வேண்டும். இப்படியும் ஒரு மனுசன்.

என்ன செய்கிறாய்? வேண்டாம் எம்மா. அதைக் கீழே வை.

மைக் எதற்கு? எதிரில்தானே இருக்கிறார். பதினேழு எட்டு. நானே போய்க் கூப்பிடுகிறேன்.